இடது கைக்கு ஏழு

உன் டம்பெல் என் வீட்டுக்கு வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக ஆட்டோவில் வந்து உன் மனைவி இறக்கிவிட்டுப் போனாள். பத்து கிலோ இரும்பை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். பையின் ஒரு காது அறுந்து, மறு காதில் மொத்தப் பாரமும் தொங்கிக்கொண்டிருந்தது. "இத்த நீங்களே வச்சிக்கோங்கண்ணா" என்றாள். திரும்ப ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் எங்களுக்குள் ஒரு பேச்சு நடந்தது. அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதிவிட்டால் மிச்சத்தை எழுதத் தெம்பு இருக்காது.

அவள் போனதும் டம்பெல்லைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்தேன். கைப்பிடியில் நீ சுற்றிய தோல் அப்படியே இருக்கிறது. நம் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவின் கழிவுக் கூடையிலிருந்து நீ பொறுக்கிய பழுப்புத் தோல். உன் வேர்வை ஊறி ஊறிக் கறுத்துப்போயிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். இரும்பும் தோலும் உப்பும் சேர்ந்த அந்த வாசனையில் உன் முகம் பளிச்சென்று வந்து நின்றது. "இன்னா, இரும்பப் போய் மோந்து பாத்துனு இருக்கீங்க?" என்றாள் என் மனைவி.

எல்லோரும் டம்பெல்லை ஜோடியாக வாங்குவார்கள். நீ ஒன்றுதான் வாங்கினாய். கடைக்காரர் இன்னொன்று வேண்டாமா என்று கேட்டபோது, "ஒரு கைதான் வேல செய்யும், இன்னொரு கை காத்துனு இருக்கும்" என்றாயாம். பைத்தியக்காரன் என்று அவர் நினைத்திருப்பார்.

நாம் பழகியதே ஒற்றையில்தான் தொடங்கியது. நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் மிஷினில் சேர்ந்து மூன்றாவது வாரம். தோலின் மேல் அச்சுக் கத்தியை வைத்து, மிஷினின் தலையை வலது கையால் இழுத்து அழுத்தினால் ஷூவின் மேல்பாகத்துக்கான துண்டு விழும். இடது காலுக்கு வெட்டிய பிறகு அதே கத்தியைப் புரட்டிப் போட்டு வலது காலுக்கு வெட்ட வேண்டும். நான் புரட்ட மறந்தேன். செக்கிங் மேசையிலிருந்து நீ நான் வெட்டிய துண்டுகளின் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் மிஷினுக்கு வந்தாய். "நாப்பது ஜோடி வெட்டியிருக்க. எம்பதும் எடது கால். எந்த ஊருக்குப் போவுது இது? எல்லாரும் நொண்டி அடிக்கிற ஊருக்கா?" என்று கேட்டாய். பிரிவே சிரித்தது. எனக்குக் காது சிவந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் நீயே வந்து பக்கத்தில் உட்கார்ந்து உன் டப்பாவிலிருந்து பாதி ஆம்லெட்டை என் தட்டில் வைத்தாய்.

உன் வேலையே இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். நிறம், உயரம், தோலின் மடிப்பு. ஒத்துப்போகாவிட்டால் "ஜோடி சேரல" என்று தள்ளிவைப்பாய். நாளெல்லாம் அதையே பார்த்துப் பார்த்து உன் கண் கெட்டுப்போயிருந்தது என்பேன். பஸ்ஸில் யாராவது ஏறினால் அவருடைய ஒரு தோள் இறங்கியிருப்பது உனக்குத்தான் முதலில் தெரியும். என் தம்பி கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்தபோது, வலது கைச் சுற்றளவு ஒரு இஞ்ச் கூடுதல் என்று தையல்காரர் சொன்னார். அதை உன்னிடம் வேடிக்கையாகச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. ஓய்வறையில் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஷூவைப் பார்ப்பது போல என்னைச் சுற்றிவந்து பார்த்தாய்.

"ஜோடி சேரலடா" என்றாய். "பத்து வருஷம் வலது கையாலயே மிஷின இழுத்திருக்க. எடது வெறும் தோல நகத்துற கூலிக்காரனா பூட்டான்."

அப்படித்தான் என்னை ஜிம்முக்கு இழுத்துக்கொண்டு போனாய். மளிகைக் கடைக்கு மேல் மாடியில், தகரக் கூரை போட்ட ஜிம். நடத்துபவர் ஒரு பாய். ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு ஏறினால் கூரை பகல் வெயிலை எல்லாம் நம் மேல் கொட்டிக்கொண்டிருக்கும். நான் நேராக, இரண்டு கையாலும் தூக்கும் பெரிய இரும்புப் பாரிடம் போனேன். நீ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, கையில் ஒற்றை டம்பெல்லைக் கொடுத்தாய்.

"ரெண்டு கையால தூக்கனா, வலது திருட்டுத்தனமா ஜாஸ்தி தூக்கிக்கும். எடது சும்மா கூடப் போவும். தனித்தனியாப் போடு. எடது மொதல்ல. எடது எவ்ளோ போடுதோ, வலதுக்கும் அவ்ளோதான். அதுக்கு மேல ஒண்ணு கூடக் கிடையாது."

"வலது இன்னும் போவுமேடா."

"போவும். காத்துனு இருக்கட்டும்."

அந்தக் காத்திருப்பு எனக்கு எவ்வளவு பேஜாராக இருந்தது என்று உனக்கு அப்போது சொல்லவில்லை. இடது கை பத்து கிலோவில் நாலு முறை போட்டு நடுங்கும். வலது கை நாலு போட்டுவிட்டு, அப்போதுதான் விழித்த மாதிரி நிற்கும். கீழே வைக்க வேண்டும். பக்கத்தில் காலேஜ் பையன்கள் பதினைந்து கிலோ, இருபது கிலோ என்று எறிந்துகொண்டிருப்பார்கள். பகலில் மிஷினோடு கட்டிப்போட்டிருந்தது போதாதென்று, சாயங்காலம் என் சொந்த இடது கையோடு கட்டிப்போட்டுவிட்டாயே என்று உள்ளுக்குள் பொருமுவேன்.

சோளிங்கர் மலைக்கு நான் வேண்டுதலுக்குப் போனபோது நீயும் கூட வந்தாய். "உனக்கு வேண்டுதல், எனக்குக் காலுக்கு எக்சர்சைஸ்" என்றாய். பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, "படி மாறும்போதெல்லாம் வலது காலத்தான் முன்ன வைக்கிற. எடதுக்கு ஒரு வாட்டியாவது மரியாத குடு" என்றாய். சாமி கும்பிட வந்த இடத்திலுமா என்று கத்தினேன். பின்னால் ஏறிவந்த ஒரு குடும்பம் நாம் சண்டை போடுகிறோம் என்று நினைத்து ஒதுங்கிப் போனது.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

மாவட்ட அளவில் ஒரு பளு தூக்கும் போட்டி வந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு. நீ பெஞ்சில் படுத்துத் தூக்குவதற்குப் பெயர் கொடுத்தாய். அந்தப் பாரத்தோடு பயிற்சி செய்யத் தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும். கை தளர்ந்தால் அவர்தான் பாரைப் பிடித்து மேலே ஏற்ற வேண்டும். நான் நிற்கிறேன் என்றேன்.

"பத்து கிலோல எடது பன்னெண்டு போடட்டும். அப்பறம் நில்லு. நீ ரெண்டு கையாலயும் சமமாத் தூக்கணும்டா. இல்லன்னா பார் சாஞ்சிரும்" என்றாய்.

அந்த வாரம் உனக்கு ஓவர்டைம். ஜிம்முக்கு நான் மட்டும் போனேன். இடது கை ஏழு போட்டது. எட்டாவது பாதியில் நின்றது. மறுநாள் செக்கிங் மேசையில் நீ தலை நிமிராமல், "எவ்ளோ?" என்று கேட்டாய். "பன்னெண்டு" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது. நீ கையிலிருந்த ஜோடியைக் கீழே வைத்துவிட்டு என் முதுகில் தட்டினாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்த பிறகு எப்படித் திருத்திச் சொல்வது? அடுத்த வாரத்துக்குள் உண்மையாகவே பன்னிரண்டு போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இடது கைக்கு என் கணக்கு தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நீ பெஞ்சில் படுத்தாய். நான் தலைமாட்டில் நின்றேன். பாரின் இரண்டு பக்கமும் எடைத் தட்டு நழுவாமல் கிளிப் போட்டிருந்தோம். முதல் இரண்டையும் நீயே ஏற்றினாய். மூன்றாவதில் பார் உன் நெஞ்சுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. "புடி" என்றாய். பிடித்தேன். என் வலது கை தூக்கியது. இடது கை கூடப் போகவே இல்லை. வலது ஏற ஏற, இடப்பக்கம் இறங்கியது. வலதை விட்டால் மொத்தமும் உன் நெஞ்சில் விழும். விடாவிட்டால் இடப்பக்கம் இன்னும் சாயும். என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் பாரோடு நானும் மாட்டிக்கொண்டு நின்றேன். உன் இடது தோளில் அது இறங்கியபோது கேட்ட சத்தம் இன்றைக்கும் மிஷின் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் எனக்குக் கேட்கிறது.

பாயும் பையன்களும் ஓடிவந்து தூக்கினார்கள். அவர்கள் பார்த்தது, நான் ஒற்றை வலது கையால் பாரை நெஞ்சில் விழாமல் பிடித்துக்கொண்டு நின்றதை. "இன்னா ஆச்சு?" என்று பாய் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், பல்லைக் கடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "கை வேர்த்து வழுக்கிடுச்சு பாய்." சொல்லும்போது என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை வலி என்று எடுத்துக்கொண்டேன்.

காறை எலும்பு முறிந்தது. போட்டி போனது. போதாததற்கு நான் பெரிய ஆளாகிவிட்டேன். "இவரு மட்டும் இல்லன்னா நெஞ்செலும்பு நொறுங்கியிருக்கும்" என்று பாய் புதிதாகச் சேரும் ஒவ்வொருவனிடமும் என்னைக் காட்டிச் சொல்வார். உன் அம்மா நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் வலது கையைப் பிடித்து, "இந்தக் கை நல்லா இருக்கணும்" என்று ஜெபம் செய்வார். கையை உருவிக்கொள்ளவும் முடியாது, கொடுத்துவிட்டு நிற்கவும் முடியாது. யாராவது என்னைப் பாராட்டும்போது, பாரில் இன்னொரு தட்டை ஏற்றிக் கிளிப் போடுவது போல இருக்கும். உன் மனைவி மட்டும் ஒருமுறைகூட எனக்கு நன்றி சொன்னதில்லை. கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து நீ திரும்ப ஜிம்முக்கு வந்தாய். இப்போது உன் இடது தோள் சூம்பியிருந்தது. நீ யாரையும் குறை சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலில் தொடங்கினாய், பிறகு இரண்டு கிலோ, பிறகு மூன்று. இடது முதலில். அது நாலு போட்டால் வலதுக்கும் நாலு. மாவட்டப் போட்டிக்குத் தயாராகியிருந்த அந்த வலது கை, மூன்று கிலோவை நாலு முறை தூக்கிவிட்டு அமைதியாகக் கீழே வைக்கும். நான் உட்கார்ந்து எண்ணுவேன். ஒரு நாள் நாலாவதோடு உன் கை நின்றுவிட்டது. இரக்கப்பட்டு, "அஞ்சு" என்று எண்ணிவிட்டேன்.

நீ டம்பெல்லைக் கீழே வைத்தாய். "நாலுடா. நாலுன்னு சொல்லு."

"கிட்டத்தட்ட அஞ்சுதானேடா."

"எண்றதுல பொய் சொல்லாதடா. கை அத்த நம்பிடும். அப்பறம் அது கைவிடற அன்னிக்கு யாராவது கீழ படுத்துனு இருப்பான்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தாய். துடைத்து முடித்த பிறகும் துண்டை முகத்திலேயே வைத்திருந்தாய். எனக்குச் சொல்ல நேரம் கொடுத்திருக்கிறாய் என்று இப்போது தெரிகிறது. "மச்சான்" என்றேன். "இன்னாடா?" என்று துண்டை எடுத்தாய். பாய் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அதோ, அந்த அண்ணன்தான், ஒரே கையால..." நான், "ஒண்ணுமில்ல, தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். நீ வேண்டாம் என்று தலையசைத்தாய்.

அப்படியே இரண்டு வருடம் ஓடியது. பிறகு மஞ்சள் காமாலை வந்து, பதினெட்டே நாளில் எல்லாம் முடிந்தது. கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம் வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். பஸ்ஸில் ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா தாண்டி, வேலூர் வரும் வரை வாக்கியங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். "நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்." இதில் கடினமான சொல் எதுவும் இல்லை. உன் கண் மஞ்சளாக இருந்தது. உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாய். என் இரண்டு கையையும் கொடுத்தேன். உன்னால் முடிந்தவரை அழுத்தினாய்.

"ஜோடி சேருதா?" என்று கேட்டாய்.

உன் வலது கையில் இன்னும் பிடி இருந்தது. இடது கை வெறுமனே என் விரல்மேல் கிடந்தது. இரண்டு வருட உழைப்புக்குப் பிறகும் அது சேரவில்லை. அதைச் சேரவிடாமல் செய்தது நான்.

"சேருது மச்சான்" என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டாய். உன்னிடம் நான் கடைசியாகப் பேசியதும் பொய்தான்.

சவ அடக்கத்தன்று உன் அம்மா என் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் நடுவில் நின்றேன். வெட்டிப்போட்டுவிடலாம் போல இருந்தது அந்தக் கையை. மறுநாள் வேலைக்குப் போய் அதே கையால் மிஷினை இழுத்தேன். செக்கிங் மேசையில் இப்போது ஒரு புதுப்பெண் இருக்கிறாள். நல்ல பெண். குறை இருந்தால், "அண்ணா, இது மேட்ச் ஆகல" என்கிறாள். ஜோடி சேரல என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. ஜிம்முக்கு நான் போவதில்லை. அந்த மாடிப்படி ஏறினால் நான் மறுபடியும் உன்னைக் காப்பாற்றியவன் ஆகிவிடுவேன்.

சரி. ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

உன் மனைவி பையை என் கையில் கொடுத்துவிட்டு, ஆட்டோ கம்பியைப் பிடித்து ஒரு காலை உள்ளே வைத்தாள். நான் என் இடது கையால் பையை வாங்கியிருந்தேன். வாங்கிய வேகத்தில் கை தணிந்து, டம்பெல் வாசற்படியில் இடித்தது. அந்தச் சத்தம் என்ன செய்ததோ, சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு வேர்வையில வழுக்கலமா. என் எடது கை தூக்கல. பன்னெண்டு போட்டேன்னு அவன்கிட்ட பொய் சொல்லிட்டேன். ஏழுதான் போட்டேன்."

அவள் உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தாள். என்னை அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"தெரியும்ணா" என்றாள். "ஆஸ்பத்திரிலருந்து கட்டு போட்டுனு வந்த அன்னிக்கே சொன்னாரு. நீங்க பாரப் புடிச்ச ஒடனே அவருக்குத் தெரிஞ்சிருச்சாம். நீங்களா சொல்ற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. எனக்கு உங்க மேல அவ்ளோ கோவம். கேக்கலாம்னா, 'எடது போட்டு முடிக்கட்டும், வலது காத்துனு இருக்கும்'னாரு. எனக்கு அது இன்னான்னே புரியலண்ணா. உங்களுக்குப் புரியுதா?"

புரிந்தது. இடது நான், காத்துக்கொண்டிருந்த வலது நீ. ஆட்டோக்காரர் இரண்டாவது முறை ஹாரன் அடித்தார். அவள் போய்விட்டாள்.

மச்சான், எனக்கு உன்மேல் கோபம். இரண்டு வருடம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் சட்டைக் காலரைப் பிடித்து, "ஏன்டா பொய் சொன்ன?" என்று கேட்டிருந்தால் நான் அந்தப் பொய்யிலிருந்து வெளியே வந்திருப்பேன். உனக்கு என்ன, காத்திருக்கத் தெரியும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று தெரிந்தும் என் அளவிலேயே நின்றுவிட்டாயே. நான் போட்டு முடிப்பதற்குள் நீ போய்விட்டாய். இப்போது எவ்வளவு போட்டாலும் எண்ணுவதற்கு நீ இல்லை. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பாயிடமும் சொல்லவில்லை. இந்த வாரம் இரண்டு முறை உன் தெருமுனை வரை போய்த் திரும்பினேன்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் டம்பெல்லைக் கூடத்துக்கு எடுத்துவந்தேன். உன் தோல் சுற்றிய இடத்தில் என் கை உட்கார்ந்தது. இடது முதலில். ஏழு போட்டேன். எட்டாவது பாதியில் நின்றது, அன்றைக்கு நின்ற அதே இடத்தில். கீழே வைத்துவிட்டு, "ஏழு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"இன்னா ஏழு?" என்று சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஏழுதான் போட்டேன்."

"சரி, அதுக்கு ஏன் அழுவுறீங்க?"

வலது கைக்கு மாற்றினேன். ஒன்று, இரண்டு என்று ஏழு வரை எண்ணிக் கீழே வைத்தேன். அது இன்னும் போகும். அதைக் காத்திருக்க வைத்திருக்கிறேன்.